நான்கு தந்திகள்

விளம்பரம் இவ்வளவுதான்:
இளைஞர் நால்வர் தேவை. நல்ல பல்வரிசை.
வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஹில்வர்சம் தொலைக்காட்சி வாசலில்
நவம்பர் மழையில் முந்நூறு பேர் நின்றோம்.
உயரம் அளந்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள்.
சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள்,
நெதர்லாந்தில்
அதைக் கேட்ட ஒரே மனிதர் அந்தத் தயாரிப்பாளர்தான்.

கதை எளிது.
நாங்கள் நால்வரும் தந்திச் சேவகர்கள்.
பகலெல்லாம் தந்தி கொடுப்போம்,
இரவில் தந்தி மீட்டுவோம்.
சனிக்கிழமை ஏழரை மணிக்கு
யாராவது ஒரு பெண்ணுக்குத் தப்பான தந்தி போகும்,
ஏழு ஐம்பதுக்குள் ஒரு பாட்டில் எல்லாம் சரியாகும்.

லுபெர்ட்டின் டிரம்முக்குள் பழைய போர்வை திணித்திருந்தது.
ஏஃபர்ட்டின் தொண்டையில் பாடியது
நாற்பத்தாறு வயது வழுக்கைத் தலையர் ஒருவர்;
மதியச் சாப்பாட்டில் இருவரும் ஒரே மேசை,
ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைப் பார்க்க மாட்டார்.
என் பேஸ் கிட்டாரின் வயர்
கம்பளத்துக்கு அடியில் நுழைந்து
ஒரு முழம் போய்
அங்கேயே முடிந்துவிடும்.

உண்மையான தந்திச் சேவகர்கள்
சங்கத்தின் முத்திரையோடு கடிதம் போட்டார்கள்:
நாங்கள் தொப்பியைச் சாய்த்து வைப்பதில்லை.
பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் பெயர் வீபெ நௌட்டா.
ஆறு மாதம் கழித்து என் அம்மாகூட
'பிம்' என்று கூப்பிட்டுவிட்டு
உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
பிம்முக்குத் தனிக் கையெழுத்து உண்டு.
அதையும் அவர்களே வரைந்து கொடுத்தார்கள்.

இரவில்
வாடகை அறையில் ரெக்கார்டைச் சுழலவிட்டு
விரல்களைப் பழக்கினேன்.
கேமரா அருகில் வந்தால் பொய் தெரியக்கூடாதே.
மூன்றாவது சரணத்தில், "கதவைத் தட்டினேன்" முடிந்ததும்,
பேஸ் ஒரு நொடி தயங்கும்.
ஒரு சுரம் பின்தங்கி
ஓடி வந்து சேர்ந்துகொள்ளும்.
அந்தத் தயக்கத்தையும் பழகினேன்.

ஒருநாள் படப்பிடிப்பில்
கேபிள் சுருள்களுக்கு நடுவே ஒரு பெண்,
இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஈரக் குடை.
ஹிஸ்கே டெய்க்ஸ்ட்ரா என்றாள்.
உங்கள் விரல் நான், என்றாள்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.

"மூன்றாவது சரணத்தில் நான் தடுமாறினேன்.
நீங்களும் தடுமாறுகிறீர்கள்."
"ரெக்கார்டில் இருந்தது. கற்றுக்கொண்டேன்."
அவள் சிரிக்கவில்லை.
"ஏழு மாதம் அப்போது. கிட்டாரைப் பக்கவாட்டில் வைத்து வாசித்தேன்.
சரியாக அந்த இடத்தில் இவள் உதைத்தாள்.
மறுபடி எடுக்க நேரமில்லை என்றுவிட்டார்கள்."
குழந்தை என் தொப்பியின் பித்தளை வில்லையைப்
பிடுங்கிப் பார்த்தது.
வரவில்லை. ஒட்டவைத்த வில்லை அல்ல அது,
எங்களிடம் இருந்தவற்றில்
அது ஒன்றுதான் நிஜம்.

மறுவருடம் எமென் நகர உடற்பயிற்சிக் கூடத்தில்
முதல்முறையாக வயரைச் சொருகினோம்.
நாலாயிரம் பேரின் கூச்சலில்
லுபெர்ட்டுக்குத் தன் டிரம்மே கேட்கவில்லை,
நல்லதாயிற்று.
ஏஃபர்ட் சொந்தக் குரலில் பாடினான்;
கீச்சென்று, பரவாயில்லாமல்.
என் நான்கு தந்திகளும் மார்பெலும்பில் அதிர்ந்தன.
அந்த இடம் வந்ததும்
தயங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.
கை தயங்கியது.

முன்வரிசையில் ஒரு பையன்
காற்றில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தான்.
அவனும் அங்கே தயங்கினான்.

இப்போது ஆமர்ஸ்ஃபூர்ட்டில் காப்பீட்டு அலுவலகம்.
வெள்ளச் சேதம், சைக்கிள் திருட்டு.
எப்போதாவது ரேடியோவில் போடுகிறார்கள்,
பாத்திரம் கழுவும் நேரத்தில்.
சோப்பு நுரைக்குள் இடது கை நின்றுவிடுகிறது.
"கத்தி பட்டுவிட்டதா?" என்கிறாள் மனைவி.
இல்லை.
உள்ளேயிருந்து யாரோ உதைத்த மாதிரி,
அவ்வளவுதான்.
தட்டை அலசி அடுக்கில் வைக்கிறேன்,
ஒரு சுரம் தாமதமாக.